புளி அறைக்குப் போன ஒயர்

என் கணவருக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று, டாக்டர் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆறு மாதம் மாத்திரை, தினம் ஒரு முட்டை, பயறு எல்லாவற்றுக்கும் சரி. "ரெண்டு மாசத்துக்குத் தனி ரூம்ல படுங்க, ஜன்னல தொறந்து வையுங்க" என்று டாக்டர் சொன்னபோது மட்டும் தலை ஆடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் மலையில் ஓர் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். இந்த நோயைப் பற்றித் தாய்மார்களிடம் நானே பேசியிருக்கிறேன். நோயாளியை ஒதுக்கக் கூடாது, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும் என்று சுவரில் மாட்டிய படத்தைக் காட்டிச் சொல்வேன். ஆனால் தினமும் அத்தனை குழந்தைகளைத் தூக்கி மடியில் வைத்துச் சோறூட்டுகிறவளும் நான்தான். அவருடைய இருமல் என் வழியாக அந்தக் குழந்தைகளுக்குப் போய்விடுமோ என்ற பயம், ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி, புளி போட்டு வைக்கிற அறை ஒன்று உண்டு. கல் சுவர், மேலே சிமெண்ட் சீட்டு. இரண்டு பக்கமும் ஜன்னல். அந்த வருஷத்துப் புளி ஏற்கெனவே ஆலங்காயம் சந்தைக்குப் போய்விட்டிருந்ததால் அறை காலியாக இருந்தது. கழுவி, சுண்ணாம்பு அடித்து, கட்டிலைப் போட்டேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போனார். எத்தனை கழுவியும் அந்த அறையில் புளி வாசனை போகவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று மறுநாள் சொன்னார்.

முதல் வாரத்திலேயே ஆள் பாதியாகிவிட்டார். நோயினால் மட்டுமல்ல. மினி லாரி ஓட்டிக்கொண்டு மலைக்கும் அடிவாரத்துக்குமாக அலைந்தவர், நாள் முழுக்க நாலு பேரிடம் பேசியவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் உட்காருவார். செய்தி பார்ப்பார், அடுத்து நான் பார்க்கிற சீரியலையும் உட்கார்ந்து பார்த்து, அதில் வருகிறவர்களை ஒருவர் விடாமல் திட்டுவார். எங்கள் பேச்சில் பாதி அந்த நேரத்தில் நடந்ததுதான். மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு அது ஒன்றுதான் மிச்சம் என்றுகூடச் சொல்லலாம்.

"ஜெயில்ல கூட டிவி கீதாம்" என்றார் ஒருநாள், சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது.

மகனிடம் போனில் சொன்னேன். அவன் ஆன்லைனில் இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கி அனுப்பினான். ஒன்றை வீட்டு டிவியோடு மாட்ட வேண்டும், இன்னொன்றைப் புளி அறையில் வைக்க வேண்டும், ஒயர் இல்லாமலே படம் போகும் என்றான். பரணிலிருந்த பழைய குண்டு டிவியை இறக்கித் துடைத்து அங்கே வைத்தோம். படம் வந்தது. ஆனால் நான் முற்றத்தில் குறுக்கே நடந்தால் புள்ளி புள்ளியாகச் சிதறியது. கதவைச் சாத்தினால் ஒன்றுமே இல்லை. கல் சுவரைத் தாண்டி அது போகவில்லை.

அப்புறம் ஆலங்காயத்திலிருந்து டிஷ் மாட்டுகிறவர் பைக்கில் வந்தார். ஐம்பது வயசிருக்கும். தோளில் கேபிள் சுருள். அந்தப் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் டவுன் வூட்டுக்குங்க. செங்கல்லு சுவருக்குத் தாங்கும். இந்தக் கல்லுக்கு ஒயரு இழுத்தாத்தான் சரிப்படும்."

செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்றை மாட்டினார். அதிலிருந்து கேபிளை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, முற்றத்துக் கொய்யா மரத்தில் ஒரு கட்டுப் போட்டு, புளி அறைக்குக் கொண்டுபோனார். கேபிள் தரையில் கிடந்தால் எலி கடிக்கும் என்று உயரத்திலேயே விட்டார். பழைய டிவியில் சேனலைத் தேடிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். வீட்டில் ஓடிய அதே செய்தி, அதே முகம்.

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பாக்ஸு ஒண்ணுதான். அங்க இன்னா வைக்கறாங்களோ அதான் இங்க தெரியும். இங்கேர்ந்து மாத்த முடியாது" என்றார்.

"வூட்டுலயும் அப்பிடித்தான்யா. ரிமோட்டு எப்பவும் அவகிட்டதான்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த அறைக்குப் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அடுத்த சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. ஏழு மணி ஆனால் போன் வரும். "செய்தி வை." வைப்பேன். சீரியல் ஆரம்பித்தால் மறுபடியும் போன். "இன்னாடி, அந்தப் பொம்பள இன்னும் அழுதுகினே கீறா?" இருபதடி தூரத்தில் இருந்துகொண்டு போனைக் காதில் வைத்தபடியே ஒரு மணி நேரம் பார்ப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பேசியதைவிட அதிகமாகப் பேசினோமோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

இரண்டு மாதம் முடிந்து சளிப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரையை மட்டும் விடாமல் முடியுங்கள், இனி தனியாக இருக்க வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டார். டீ குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

நான் அந்த டம்ளரை எடுத்து, தனியாக ஒரு சட்டியில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு மாதமாகப் பழகிய கை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பழகிய கை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாது. திரும்பிப் பார்த்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இனிமே இங்கியே படுங்க. கட்டில எடுத்தாந்துடலாம்" என்றேன்.

"நாளைக்குப் பாக்கலாம். அங்க டிவி ஓடிக்கினு கீது."

அந்த நாளை வரவேயில்லை. மாத்திரையும் முடிந்தது. உடம்பு தேறி மறுபடியும் வண்டி ஓட்டப் போனார். பலாப்பழ சீசனில் தினமும் மலையிறங்கினார். திரும்பி வந்தால் முற்றத்துக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு நேராகப் புளி அறைக்குப் போய்விடுவார். சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். கேட்டால், காற்றோட்டமாக இருக்கிறது என்பார். போன் வருவதும் குறைந்து நின்றுவிட்டது. நான் எதை வைத்தாலும் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை நான் நிறுத்தினால் அவருக்கும் படம் போய்விடும். அதனால் வேலையாக இருந்தாலும், யாருமில்லாத அறையில் அதை ஓடவிட்டு வைப்பேன். அவருக்குப் பிடிக்கும் என்று நானாக நினைத்துக் கபடி வைப்பேன். பிடித்ததா என்று தெரியாது.

அந்த ஐப்பசியில் என் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று கண்ணமங்கலம் போனேன். கிளம்பும் அவசரத்தில் வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டேன். இரண்டு நாள் சமாளிக்கக் குழம்பு வைத்து, வீட்டுச் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் மழையில் நனைந்துகொண்டே வந்தேன். பூட்டு நான் பூட்டிய மாதிரியே தொங்கியது. என்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்தேன். உள்ளே குழம்பு பூத்துப்போயிருந்தது. செட்டாப் பாக்ஸில் விளக்கு எரியவில்லை.

புளி அறைக்கு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிவி இருட்டாக இருந்தது. பக்கத்தில் கடையில் வாங்கிய பன் பொட்டலம்.

"சாவி உங்ககிட்டதான கீது? வூட்டத் தொறந்து சாப்பிட வேண்டியதுதான? டிவியாவது போட்டுக்க வேண்டியதுதான?"

அவர் பன் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். நான் விடவில்லை. ஏன் வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் டீ குடிச்ச டம்ளர்ல நீ சுடுதண்ணி ஊத்தன. அன்னைக்கு உம்மூஞ்சியப் பாத்தேன்."

"பயந்துட்டேங்க. புள்ளைங்களத் தொட்டுத் தூக்கற வேல எனக்கு."

"தப்புன்னு சொல்லலயே. நீ பயப்படாம இருக்கணும்னா நான் இங்க இருக்கறதுதான் நல்லது."

கட்டிலுக்கடியில் அவர் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர் இருந்தது. அதை எடுத்து அவர் எதிரிலேயே மடமடவென்று குடித்தேன். அவர் தடுக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. "அதெல்லாம் வேணாம் வுடு. ஈரத் துணிய மாத்திக்க, போ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து புடவை மாற்றினேன், டிவியைப் போட்டேன், சோறு ஆக்கினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பொங்கலுக்கு மகன் வந்தான். அவனிடம் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான்கு நாள் கூட இருந்து பார்த்தான். போவதற்கு முன் அப்பாவுக்கென்று தனியாக இன்னொரு டிஷ்ஷும் புது டிவியும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அவர் பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் நீலமாக வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். ஊரில் யாராவது கேட்டால், அவருக்குக் காற்று வேண்டும் என்று நானும் சொல்லப் பழகிவிட்டேன்.

மகன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். முதல் வேளை என்னோடு அடுப்படியில் சாப்பிடுகிறான். அடுத்த வேளை தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போகிறான். ஒருநாள் இங்கே படுக்கிறான், மறுநாள் அங்கே. இப்படிப் பிரித்துக்கொள்ளும்படி அவனிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.