மழையைத் தேடிப் போன கார்

மருத்துவ முகாமில் தொண்டு செய்ய உகாண்டா போயிருந்தேன். தேயிலை மலைகளுக்கு நடுவே ஜீப் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். மண்வாசனை அதற்குள் மூக்கில் ஏறிவிட்டது. நான் இன்னும் இறக்கினேன்.

எண்பதுகளில் நாங்கள் துபாய் சத்வாவில் இருந்தோம். புஜைரா பக்கம் மழை என்று காதில் விழுந்தால் போதும், அப்பா எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு காரை மலைப்பக்கம் விரட்டுவார்.

"ஊர்ல மழைன்னா ஓடி ஒளியுற மனுசன்!" என்று அம்மா திட்டிக்கொண்டே வருவாள். முதல் தூறலிலேயே தலையை வெளியே நீட்டுவதும் அவள்தான்.

"சீட்டு நனையுதுட்டீ!" என்பார் அப்பா.

"நனையட்டும், நிமிசத்துல காஞ்சிரும்!"

உகாண்டா டிரைவரும் சீட்டைக் காட்டிக் கத்தினார். அம்மா சொன்னதையே நானும் சொன்னேன். வெயிலே எட்டிப் பார்க்காத அந்த மலையில், முகாம் போய்ச் சேரும்வரை ஈரச் சீட்டில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.