இரண்டு முறை தட்டினால் நலம்

"ரெண்டு!" என்று முழங்கிவிட்டு மஹ்ரூஸ் தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்வார். மேசைமேல் கிடக்கும் கைபேசிக்குள் யாரோ கண்ணாடிக் குவளையை இருமுறை தட்டிய ஓசை அப்போதுதான் அடங்கியிருக்கும். "இன்ஷிராஹ் ஹாஜியம்மா, ரெண்டு! நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்காங்க. இதோ வந்தாச்சு! உஸ்தாத், அடுத்த நம்பரைப் போடுங்க. ஏன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இந்த ரூம்ல கை இருக்கறது உங்களுக்கு மட்டுந்தான்."

அலெக்சாந்திரியாவின் அன்ஃபூஷியில், மீன் சந்தைக்குப் பின்தெருவில், நான் முதல் மாடியிலும் அவர் இரண்டாம் மாடியிலும் குடியிருக்கிறோம். காலை எட்டு மணிக்கு அவர் மனைவி நஈமா ரொட்டிக்கடை வரிசையில் நிற்கப் போவார். அவர் திரும்பிவர முக்கால் மணி நேரமாகும். அந்த நேரத்தில் எண்களை அழுத்துவது என் பணி. அழைப்பது, விசாரிப்பது, வாழ்த்துவது, வம்பிழுப்பது எல்லாம் மஹ்ரூஸுடையவை.

ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகும் நோய். அது எல்லாரிடமும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. மஹ்ரூஸிடம் விரல்களில் தொடங்கியது. துறைமுகத்துக்கு எதிரிலுள்ள காப்பிக்கடையில் முப்பத்தோராண்டுகள் பரிமாறியவர் அவர். அத்தனை ஆண்டுகளில் ஒரு குவளையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு மாலை ஆறு குவளைகளோடு தட்டு அவர் கையிலிருந்து நழுவியது. முதலாளி கண் திருஷ்டி என்றார். மறுநாளும் நழுவியது. இப்போது இரு கைகளும் மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்களைப்போல் கிடக்கின்றன. அவர் உட்கார்ந்திருப்பது அந்தக் கடையின் மர நாற்காலி. விடைபெற்ற நாளில் முதலாளி கொடுத்தனுப்பியது.

அவர் கடையில் குரல் கொடுத்தால் தெருமுனை வரை கேட்கும். "கரி மாதிரி டீ ஒண்ணு! ரெண்டு காப்பி, சக்கரை அளவா! ஹூக்காவுக்கு நெருப்பு மாத்து!" எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். இன்றும் மனிதர்களை அவர் சர்க்கரை அளவால்தான் அடையாளம் சொல்வார். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "நம்ம ஒன்றரைக் கரண்டி உஸ்தாத்" என்பார். கீழ்வீட்டு வழக்கறிஞரை அவர் நம்புவதில்லை. "சக்கரையே போடாம டீ குடிக்கிற ஆளு, உஸ்தாத். ஏதோ மறைக்கிறான்." பள்ளியில் நாற்பதாண்டுகள் இலக்கணம் நடத்திய என் காதுக்கு அவர் வாக்கியங்கள் எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறோரிடத்திலுமாகத்தான் கிடக்கும். ஆயினும் அவர் சொன்னது விளங்காமல் நின்றவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

நரம்பு மருத்துவரின் காத்திருப்புக் கூடத்தில்தான் அவரும், அவர் காலைதோறும் அழைக்கும் அதே நோயுள்ள எழுவரும் ஒருவரையொருவர் அறிந்தனர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மஹ்ரூஸ் மட்டும் கடைக்குள் நுழைந்த பரிமாறுபவரைப்போல் ஒவ்வோர் இருக்கையாக நோட்டமிட்டிருக்கிறார். எதிரில் இன்ஷிராஹ். மணப்பெண் உடைகள் தைப்பவர். நாக்கும் தொண்டையும் முதலில் போய்விட்டதால் பேச இயலாதவர். மஹ்ரூஸ் அவரிடம் சொன்னது இன்றும் அந்தக் குழுவில் வழங்குகிறது. "உங்களுக்கு வாய் போச்சு, கை இருக்கு. எனக்குக் கை போச்சு, வாய் இருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு, ஹாஜியம்மா. ஒரு கடையே போடலாம்."

இன்ஷிராஹ் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "உன் வாய்ல பாதியை எனக்குக் குடு. மிச்சமே உனக்கு ஜாஸ்தி."

கடை உண்மையிலேயே நடந்தது. தலை நிற்காமல் சாய்பவர்களுக்காக இன்ஷிராஹ் கழுத்தணைகள் தைத்தார். அவருக்காக மஹ்ரூஸ் துணிக்கடைக்காரரிடம் பேரம் பேசினார், மருந்துக்கடையில் சண்டை பிடித்தார். ஒருமுறை இன்ஷிராஹ் எழுதி அனுப்பியதை வைத்துக்கொண்டு அவருடைய மருமகனையே தொலைபேசியில் ஒரு பிடி பிடித்தார். "நான் திட்டல தம்பி, உன் மாமியார் திட்டுறாங்க. நான் வெறும் ஒலிபெருக்கி" என்று இடையிடையே விளக்கமும் தந்தார். குழுவுக்குப் பொதுவாக ஒரு சளி உறிஞ்சும் இயந்திரமும் வாங்கினார்கள். தொண்டையில் தேங்கும் எச்சிலையும் சளியையும் இழுத்தெடுக்கும் சிறு பெட்டி அது. ஓடும்போது நாய்போல் உறுமும். யாருக்குத் தேவையோ அவர் வீட்டுக்கு அது டாக்சியில் போகும். அனுப்பி வைப்பவர் மஹ்ரூஸ்.

பேசமுடியாதவர்களுக்காக அவர் வகுத்ததுதான் இந்தத் தட்டும் முறை. எழுத முடிந்தவர்களும் தட்டித்தான் ஆகவேண்டும். "எழுத்துல பொய் சொல்லிடலாம் உஸ்தாத். தட்டுற சத்தத்துல எனக்குத் தெரிஞ்சுபோகும்." தொடக்கத்தில் விதி வேறாக இருந்தது: ஒருமுறை தட்டினால் நலம், இருமுறை தட்டினால் ஆள் வேண்டும். கேட்ட எவருக்கும் அது சரியாகவே பட்டது. எனக்கும்தான்.

எழுவரில் ஒருவரான லபீப், முஹர்ரம் பெக் பகுதியில் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். மகனோடு இருக்கிறார். மகன் விடியற்காலையில் துறைமுக வேலைக்குப் போனால் நண்பகலுக்குத்தான் வருவார். அதுவரை லபீப் தனியே. அழைப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும்படி கைபேசியை அமைத்துத் தந்தைக்கு அருகில் வைத்துவிட்டுப் போவார் மகன். லபீப் தம் திருமண மோதிரத்தால் சக்கர நாற்காலியின் இரும்புக் கைப்பிடியைத் தட்டுவார். ஒரு வாரம் மூன்று நாள் தொடர்ந்து ஒற்றைத் தட்டு வந்தது. "லபீப் அண்ணே, ஒண்ணு! அண்ணன் ராஜாவாட்டம் இருக்காரு!" என்று மூன்று நாளும் மஹ்ரூஸ் முழங்கினார்.

நான்காம் நாள் மகன் கூப்பிட்டார். நாற்காலியின் தலைப்பட்டை தளர்ந்து, அந்த மூன்று காலைகளும் லபீபின் தலை மார்பின்மேல் விழுந்து கிடந்திருக்கிறது. நண்பகல்வரை தம் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகன் வந்து நிமிர்த்துவார். மறுநாள் மீண்டும் விழும். இருமுறை தட்டத்தான் அவர் முயன்றார். விரல் ஒருமுறைக்குமேல் எழவில்லை.

அன்று மஹ்ரூஸ் உணவு கொள்ளவில்லை. "மூணு நாளு அந்த மனுசன் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காரு. நான் ராஜாங்கறேன். அறிவு இருக்கா எனக்கு? முடியாதவன்கிட்டப் போயி, உனக்கு முடியலைன்னா ரெண்டு வேலை செய்யின்னு சொல்லி வச்சிருக்கேன்!" மறுநாள் காலை ஏழு எண்களுக்கும் புதிய விதியை அறிவித்தார்: "இனிமே நல்லா இருக்கறவன் ரெண்டு தட்டணும். தெம்பு இருக்கில்ல, தட்டட்டும். ஆளு வேணும்னா ஒண்ணு போதும். சத்தமே இல்லைன்னா நாங்க ஓடி வருவோம்." இன்ஷிராஹ் ஒரு கழுத்தணை தைத்து அனுப்பினார். மகன் மோதிரத்தை மறுகைக்கு மாற்றிவிட்டார். லபீப் இரண்டு தட்டிய முதல் காலையில் மஹ்ரூஸின் கண்ணை நான் துடைத்துவிட வேண்டியிருந்தது. "மூக்கையும்" என்றார்.

கடந்த நோன்பு மாதத்துக்குப் பிறகு நோய் அவருடைய தொண்டைக்கு இறங்கியது. தேநீர் முதலில் போயிற்று. நீர்த்த எதுவும் புரையேறியது. நஈமா சஹ்லப் என்னும் சூடான பால்கூழை நன்றாகக் கெட்டியாகக் காய்ச்சிக் கரண்டியால் ஊட்டினார். "குளுருல நடுங்கறவன் குடிக்கிறதை வெயில்காலத்துல எனக்குக் குடுக்கறா" என்று முறையிடுவார். சிலநாள் அதுவும் இறங்காது. கண்கள் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, நாங்கள் இருவரும் அவரை முன்னே சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்போம்.

"அந்த மெஷினைக் கேளு, அபூ ரீம். ஹாஜியம்மா வீட்லதான சும்மா கிடக்கு" என்பார் நஈமா, மகள் பெயரைச் சேர்த்துக் கணவரை அழைத்து.

"கேக்கறது உக்காந்து குடிக்கறவன் வேலை. நான் கொண்டு போயி வைக்கிறவன்."

"நீயும் இப்ப உக்காந்துதான இருக்க?"

"உக்காந்துக்கிட்டே கொண்டு போறேன்."

நஈமா அவருடைய வலக்காலில் குளியலறை மரச்செருப்பை மாட்டிவிட்டார். அந்தக் குதிகால் மட்டும் இன்னும் அசையும். தான் அடுப்படியில் இருக்கும்போது தேவையென்றால் தரையில் தட்டட்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாதமாகியும் அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. தாகமெடுத்தால் நஈமா தானே வந்து கேட்கும்வரை சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "காலால கூப்பிடறதுக்கு நான் என்ன பாஷாவா?" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சொற்களில் பாதியை நான் ஊகித்தே அறிந்தேன்.

ஆம், குரலும் குழைந்துவிட்டிருந்தது. எங்களுக்குப் பழகியிருந்தது, பிறருக்கு அப்படியில்லை. தமன்ஹூரிலிருந்து ஒரு பெண் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருடைய எண்ணை முதன்முறையாக அழுத்தினேன். மஹ்ரூஸ் தம் பழைய முழக்கத்தோடு தொடங்கினார். மறுமுனையில் எடுத்தவர் அப்பெண்ணின் அண்ணன். மூன்று வாக்கியங்கள்வரை பொறுத்தார். பிறகு, "காலங்காத்தால குடிச்சிட்டுப் பொம்பளைங்க இருக்கற வீட்டுக்குப் போன் பண்றியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுத் துண்டித்தார்.

நான் மீண்டும் அழைத்து விளக்கினேன். அவர் நொந்துபோய்ப் பலமுறை மன்னிப்புக் கேட்டார். மஹ்ரூஸ் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாழ்நாளில் சாராயக் குவளையைத் தொட்டறியாதவர் அவர். பிறகு ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்: "போதும், உஸ்தாத். கடையைச் சாத்துங்க."

மறுநாள் நான் செய்தித்தாளோடு போனேன். கைபேசியை நோக்கி அவர் தலையசைக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. நஈமா தனியே என்னிடம், "நேத்து ரெண்டு தடவை மூச்சே நின்னுபோச்சு உஸ்தாத். அந்த மெஷின் இருந்தா நான் சமாளிப்பேன். அவருக்குத் தெரியாம வாங்கினா என் கையால ஒரு கரண்டி சஹ்லபுகூடக் குடிக்கமாட்டேங்கறாரு" என்றார்.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கு நஈமா பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கைபேசி அடித்தது. அந்த நேரத்தில் அந்தக் கருவி அடித்து நான் கேட்டதில்லை; அது அழைக்கும் கருவியாகவே இருந்துவந்தது. இன்ஷிராஹின் பெயர் தெரிந்தது. பேச இயலாதவர் அழைக்கிறார். நான் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

கண்ணாடிக் குவளையில் தையல் விரலுறை இருமுறை பட்டது. தெளிவாக, உரக்க. நான் நலம்.

மஹ்ரூஸ் நிமிர்ந்தார். வழக்கமாக முழக்கம் எழும் இடத்தில் அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

பிறகு கைபேசியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. அறை முழுவதும் நிறைந்தது. அந்த இயந்திரம்தான், அதைக் கைபேசிக்கு அருகில் வைத்து ஓடவிட்டிருக்கிறார். சில நொடிகளில் நிறுத்தினார். மீண்டும் குவளையில் இரண்டு தட்டுகள். எனக்கு வேண்டியதில்லை. அதன்பின் ஓசை இல்லை. இணைப்பு மட்டும் துண்டிக்கப்படாமல் இருந்தது.

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். மஹ்ரூஸ் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். நஈமா வாசலிலேயே, காலிப் பையோடு நின்றார். கைபேசிக்குள் இன்ஷிராஹின் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது.

மஹ்ரூஸ் என்னைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நான் கைபேசியை எடுத்து அவருடைய வலக்காலருகே தரையில் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

மரச்செருப்பு எழுந்தது. தரையில் ஒருமுறை பட்டது.

குதிகால் மறுபடியும் எழுந்தது. நஈமா பையை வாயில் அழுத்திக்கொண்டார். இன்னொரு தட்டுக்கான வலு அந்தக் காலில் இருந்தது. மூவருக்கும் அது தெரிந்தது. சற்று நேரம் அது அந்தரத்தில் நின்றது. பிறகு மஹ்ரூஸ், நிரம்பிய குவளையை வாடிக்கையாளர் முன் வைப்பதுபோல், அதை ஓசையின்றித் தரையில் வைத்தார்.