எட்டு காட்டிய தாள்

லிங்கராஜபுரத்து வீட்டு மொட்டைமாடியில் ஹைட்ரேஞ்சியாச் செடி இளஞ்சிவப்பாகப் பூத்ததும் என் மனைவியின் முகம் வாடிவிட்டது. செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு, சொந்தத் தொட்டியில் பூத்த நீலப் பூவை வைப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. இந்தச் செடிக்கு மண் அமிலமாக இருந்தால் பூ நீலம், காரமாக இருந்தால் இளஞ்சிவப்பு என்ற விஞ்ஞானம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பீன்யாவில் முலாம் பூசும் தொழிற்சாலை லேபில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு பூந்தொட்டி எம்மாத்திரம்? ஒரு சிட்டிகை மண்ணை டம்ளர் தண்ணீரில் கலக்கி, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளை நனைத்தேன். எட்டு.

"காரம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மண்ணை அமிலமாக்கப் படிகாரம் கரைத்து ஊற்றினேன். பத்து நாள் கழித்தும் எட்டு. இன்னும் ஊற்றினேன். எட்டு. மண்ணுக்குத் திமிர் என்று முடிவுகட்டி, படிகாரத்தைக் கைநிறைய அள்ளிப் போட்டேன். இலை ஓரங்கள் கருகின. பழியை வெயிலின் தலையில் கட்டினேன். மொட்டெல்லாம் உதிர்ந்த பிறகும் தாள் எட்டைத்தான் காட்டியது.

மனைவி ஒரு கருகிய இலையோடு வந்து நின்றாள்.

"எந்தத் தண்ணியில கலக்குனீங்க?"

"டேங்கர் தண்ணிதான். ஏன்?"

"பக்கெட்ல வெள்ளை வெள்ளையா படியுதே, அந்தத் தண்ணியா? அதை ஒருவாட்டி டெஸ்ட் பண்ணீங்களா?"

வெறும் தண்ணீரில் தாளை நனைத்தேன். எட்டு. இத்தனை நாளும் நான் சோதித்தது மண்ணை அல்ல, டேங்கரை. லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களையெல்லாம், காய்ச்சி வடித்த நீர் இல்லாமல் எதையும் தொடாதே என்று வறுத்தெடுத்தவன் நான். வீட்டு வேலைதானே என்று அறிவைப் பீன்யா கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"கடையில நீலப் பூ வாங்கித் தர்றேன்" என்றேன்.

"வேணாம். நம்ம தொட்டியில பூத்ததுன்னு சொல்லியாச்சு."

"அப்படி எதுக்குத்தான் நேர்ந்துக்கிட்ட?"

"போன வருஷம் உங்களை ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டுபோனாங்கல்ல, அப்போ."

திருவிழாவன்று, தொட்டியையே கொண்டுபோவோம் என்றாள். வெறும் குச்சிகள் நின்ற அந்தத் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க அவள் பின்னால் மாதா கோயிலுக்கு நடந்தேன். நெஞ்சில் தையல் போட்ட இடம் வலித்தது. தொட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.