விருந்தாளி இன்னும் இருக்கிறார்

வீட்டுக்கு ஆள் வந்தால் மற்றவர்கள் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். மாரியாயி முதலில் செருப்பை மாட்டுவாள். வந்தவர் வாசலில் பையோடு நிற்க, இவள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தாண்டி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் தாண்டி, தோட்டத்து ஆபீஸ் படியேறி, தன் வீட்டுக்கு இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுவாள். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

பந்தலூருக்கு மேலே இருக்கிற நீலப்பாறைத் தோட்டத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆபீஸ் மேசையில் ஒரு பெரிய புத்தகம் உண்டு. விறகு லாரி வந்தது, உர லாரி வந்தது, தேயிலை லாரி குன்னூருக்குப் போனது என்று எழுதுவதற்கு. அதில்தான் மாரியாயியின் மருமகனையும் எழுத வேண்டியிருந்தது. சம்பந்தியம்மாள் ஒருமுறை கோபித்துக்கொண்டு, நாங்கள் என்ன உர மூட்டையா என்று கேட்டுவிட்டுப் போனாள். போனால் போகட்டும். மாரியாயி வளைகிற ஆள் இல்லை.

அவள் வளையாததற்குக் காரணம் கடல் கடந்து கிடந்தது. இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவள் பிறந்தாள். பன்னிரண்டு வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வேறு தோட்டத்தில் வேலை செய்த சித்தப்பா பார்க்க வந்தார். அங்கே வெளியாள் லயத்தில் தங்க வேண்டுமானால் துரையிடம் கேட்க வேண்டும். கேட்டார்கள், இரண்டு நாள் கிடைத்தது. மூன்றாம் நாள் மழை பிடித்து ஆறு கரை புரண்டது. ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டார். அன்று மாலையே காவல்காரன் வந்தான். அத்துமீறி நுழைந்த ஆள் என்று சொல்லி, துண்டால் கையைக் கட்டி, கொழுந்து லாரியில் ஏற்றிப் போலீசுக்குக் கொண்டுபோனார்கள். லாரியிலிருந்து சித்தப்பா அவளைப் பார்த்துச் சிரிக்கத்தான் முயன்றார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரரும் வரவில்லை.

பதினாறு வயதில், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, மலையேறி நீலப்பாறைக்கு வந்து சேர்ந்தாள். இங்கேயே காளிமுத்துவைக் கட்டினாள், கொழுந்து பறித்தாள், ஒரு மகளைப் பெற்றுத் திருப்பூருக்குக் கட்டிக் கொடுத்தாள். எல்லாம் மாறியது. செருப்பை மாட்டுவது மட்டும் மாறவில்லை.

காளிமுத்து ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை பார்த்தான். மற்ற நேரமெல்லாம் கால்பந்துதான். அந்தப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் தாண்டினால் செவன்ஸ் காலம். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். கேரள எல்லை தாண்டி நிலம்பூர், மஞ்சேரி வரைக்கும் பந்தயம் நடக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் இருந்தால்தான் கூட்டம் கூடும். நீலப்பாறை பிரதர்ஸ் என்ற கிளப்புக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது காளிமுத்துவின் வேலை. பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த சுப்பண்ணன் அதற்குச் செயலாளர். பூர்வீகம் கோயம்புத்தூர்ப் பக்கம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் சுப்பண்ணன் ஓர் ஆளைப் பிடித்தார். கானா நாட்டுக்காரன், கோஜோ என்று பேர், இருபத்து மூன்று வயது. மஞ்சேரியில் அவன் ஆடிக்கொண்டிருந்த கிளப் கலைந்துபோயிருந்தது. ஜனவரி ஆறாம் தேதி மாலை பஸ்ஸில் வந்து இறங்கினான். பஜாரில் இருந்த ஒரே லாட்ஜில், வெளிநாட்டு ஆள் என்றால் போலீஸ் காகிதம் எழுதி மாளாது என்று இடம் தர மறுத்துவிட்டார்கள். மகள் போன பிறகு லயத்து வீட்டில் ஒரு காம்பரா அறை சும்மாதானே கிடக்கிறது என்று காளிமுத்து அவனைக் கையோடு கூட்டி வந்துவிட்டான்.

மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள். வாசல் நிலைக்கு மேலே தலை இருந்தது. செருப்பை மாட்டினாள்.

ஆபீஸில் கிளார்க் தேவநேசன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேர் கேட்டார், ஊர் கேட்டார். எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டபோதுதான் மாரியாயிக்குத் திக்கென்றது. கிளப்புக்காரர்களுக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்?

"அதுதாங்க ஐயா தெரியல. நா தெனமும் வந்து சொல்லிப்புடுறேன். இருக்காருன்னா இருக்காருன்னு எழுதிக்குங்க."

தேவநேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் பேனாவை எடுத்தார்.

சொன்னதைச் செய்தாள். தினமும் கொழுந்து நிறுத்த கையோடு படியேறி, விருந்தாளி இன்னும் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பொங்கலுக்கு ஆபீஸ் பூட்டியிருந்தது. தேவநேசனின் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்று சொன்னாள். அவர் கரும்பு கடித்துக்கொண்டே தலையாட்டினார். கொட்டகைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். காளிமுத்துவுக்கோ இது தினசரிக் கேளிக்கை.

"அவரு எங்கடி எழுதுறாரு? நீ போகணுமேன்னு கோழி கிண்டுற மாதிரி பேனாவக் கிண்டுறாரு. உனக்குப் படிக்கவா தெரியும்?"

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. உண்மைதான்; அவளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. பேனா ஆடியதைப் பார்த்தாள். என்ன விழுந்தது என்று பார்க்கவில்லை. ஆனாலும் மறுநாளும் போனாள்.

கோஜோ நல்ல பிள்ளை. விடியுமுன் தேயிலைப் பாதையில் ஓடிவிட்டு வரும்போதே ஒரு கட்டு விறகு கொண்டு வருவான். மஞ்சேரியில் கற்ற மலையாளம் நாலு சொல் வைத்திருந்தான். அவள் தேங்காய் ரொட்டியைத் தட்டில் போடப் போட, "அம்மே, மதி, மதி" என்பான். போதும் என்று அர்த்தம், அவள் கேட்கமாட்டாள். வாசல் நிலையில் மூன்று முறை நெற்றியை இடித்துக்கொண்டான். நாலாம் நாள் காளிமுத்து அங்கே பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினான்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. கோஜோ மைதானத்தில் இறங்கவில்லை. அவனுடைய வேலை அனுமதி பழைய கிளப்பின் பேரில் இருந்தது. புதுக் கிளப்புக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால், புது மாவட்டத்துக்கு வந்த பதினாலு நாளுக்குள் ஊட்டியில் இருக்கும் மாவட்டப் போலீஸ் ஆபீஸில் பதிய வேண்டும். சுப்பண்ணன் நாளை நாளை என்றார், பொங்கல் முடியட்டும் என்றார், கடைசியில் பதினாலாவது நாள் விடியற்காலை பஸ்ஸில் அரக்கப்பரக்க ஏறினார். இடம் கொடுத்தவர் என்ற முறையில் மாரியாயியும் போக வேண்டியிருந்தது.

பஸ்ஸில் சுப்பண்ணன் அவளுக்குப் பாடம் சொன்னார். "அக்கா, அங்க வந்து நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. கைநாட்டு வெச்சுப்போட்டுச் சும்மா நில்லுங்க, போதும்."

வெளிநாட்டார் பதிவைப் பார்க்கிற சப் இன்ஸ்பெக்டர் பேர் லீலாவதி. காகிதங்களைப் பொறுமையாகத்தான் புரட்டினார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். மொட்டைக் கடிதம், அனுப்பியவர் பேர் இல்லை. மஞ்சேரியை விட்டுப் புறப்பட்ட இந்த ஆட்டக்காரன் இப்போதுதான் பந்தலூர் வந்தான். நடுவில் இருந்த நாளெல்லாம் வேறு வேறு ஊரில், வேறு வேறு பேரில், அனுமதியில்லாமல் பணத்துக்கு ஆடினான் என்று எழுதியிருந்தது. எதிராளிக் கிளப் எதுவோ வேலையைக் காட்டிவிட்டது.

அது நிஜமானால் அனுமதி கிடையாது. ஆளை விமானம் ஏற்றிவிடுவார்கள். லீலாவதி அதைக் கோபமில்லாமல் சொன்னார். அதனாலேயே பயமாக இருந்தது. கோஜோவின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

சுப்பண்ணன் வேர்த்து வழிந்தார். அவன் தோட்டத்திலேதான் இருந்தான், எல்லோரும் பார்த்தார்கள், ஐம்பது பேரிடம் எழுதி வாங்கித் தருகிறேன் என்றார்.

"இப்போ யார் வேணும்னாலும் எழுதிக் கொடுப்பாங்க சார். அன்னன்னிக்கு எழுதினது ஏதாவது இருக்கா?"

கோஜோவுக்குப் பேச்சு புரியவில்லை. பாஸ்போர்ட் போன இடம் புரிந்தது. அவன் மாரியாயியைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். பயப்படாதே என்று அவளுக்குச் சொல்கிற மாதிரி. அந்தச் சிரிப்பை அவள் ஏற்கெனவே ஒரு லாரியின் மேலே பார்த்திருக்கிறாள்.

"இருக்குங்கம்மா," என்றாள் மாரியாயி. "தோட்டத்து ஆபீஸ் பொஸ்தகத்துல இருக்கு. தெனமும் நாந்தான் போய்ச் சொன்னேன். பதிமூணு நாளும்."

சுப்பண்ணன் அவள் முழங்கையை இடித்தார். லீலாவதி அவரை நகரச் சொல்லிவிட்டு, ஏன் தினமும் சொன்னீர்கள் என்று அவளிடம் கேட்டார். மாரியாயி சித்தப்பாவின் கதையைச் சொன்னாள். மழையிலிருந்து தொடங்கி லாரி வரைக்கும், ஒன்றையும் விடாமல். காத்திருந்த வேறு இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் லீலாவதி தோட்டத்து ஆபீஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கங்களை உடனே ஃபேக்ஸில் அனுப்பும்படி சொன்னார்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோழி கிண்டுற மாதிரி. காளிமுத்து சொன்னது அப்போதுதான் மாரியாயியின் காதில் வந்து குந்திக்கொண்டது. உண்மையிலேயே கிண்டித்தான் இருந்தால்? மருமகன் வந்தபோதும், சம்பந்தி வந்தபோதும், இந்தப் பதின்மூன்று நாளும், வெறும் கோடாகவே இழுத்துவிட்டு அவளை அனுப்பியிருந்தால்? அந்த மனுஷன் அப்படிச் செய்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியுமா? சட்டத்தில் இல்லாததை அவள்தானே கேட்டாள். தேவநேசன் பேனா பிடித்த விதத்தை நினைத்து நினைத்துப் பார்த்தாள். கரும்பு கடித்துக்கொண்டு தலையாட்டியதுதான் நினைவுக்கு வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மூலையிலிருந்த மெஷின் கரகரத்தது. காகிதம் நாக்கை நீட்டுவது போல மெதுவாக வந்தது. லீலாவதி எடுத்து முதல் பக்கத்தைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் உதடு அசைந்தது. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு மாரியாயிக்காகச் சத்தமாகவே வாசித்தார்.

ஜனவரி ஆறு: விறகு லாரி. அதற்குக் கீழே, மாரியாயி வீட்டுக்கு விருந்தாளி, பேர் கோஜோ, நாடு கானா. ஏழு: தேயிலை லாரி குன்னூருக்கு. மாரியாயி வந்தார். விருந்தாளி இன்னும் இருக்கிறார். எட்டு: மாரியாயி மறுபடியும் வந்தார். விருந்தாளி இன்னும் இருக்கிறார். பதினைந்து: ஆபீஸ் விடுமுறை. மாரியாயி என் வீட்டுக்கே வந்து சொன்னார்; மறுநாள் எழுதுகிறேன். விருந்தாளி இன்னும் இருக்கிறார். பதினெட்டு: உர லாரி வரவில்லை. மாரியாயி வந்தார்.

மேலேயும் கீழேயும் லாரிகள் நிற்க, நடுவில் நடுவில் கோஜோ நின்றான். பிற்பாடு செருக வழியே இல்லை. லீலாவதி பந்தலூர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ஒருவரை அனுப்பி அசல் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் வந்தது: புத்தகம் சரி, பக்க எண் சரி, மை சரி. மொட்டைக் கடிதத்தை ஒரு குண்டூசியில் குத்திக் காகிதக் கட்டின் அடியில் போட்டுவிட்டு, பதிவில் முத்திரையைக் குத்தினார். கிளப் மாற்றத்துக்குத் தடையில்லை என்று எழுதினார். பாஸ்போர்ட்டைக் கோஜோவின் கையில் கொடுத்தார். அவன் அதை வாங்கி, தன் சட்டைப் பையில் வைக்காமல், ஒரு நிமிஷம் மாரியாயியின் கையில் வைத்தான்.

"மதி, அம்மே," என்றான்.

திரும்பும் பஸ்ஸில் சுப்பண்ணன் மூன்று பேருக்கும் ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கித் தந்தார். கூடலூர் வருவதற்குள், அக்கா பேசுவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க என்று சொல்லத் தொடங்கிவிட்டார். மாரியாயி அதை மறுக்கவில்லை. தேவாலாவைத் தாண்டும்போது கோஜோ முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிவிட்டான். அவள் தன் முந்தானையை மடித்து நெற்றிக்கும் கம்பிக்கும் இடையில் செருகினாள். மனசு புடைத்து முடித்த முறம் போல் லேசாக இருந்தது.

பத்து நாளில் அனுமதிக் காகிதம் வந்தது. கோஜோ ஆடினான். அந்த வருஷம் அரையிறுதியில் தோற்றார்கள். அதற்கு மாரியாயி என்ன செய்ய முடியும்?

ஊட்டியிலிருந்து வந்திறங்கிய அன்றே, இருட்டுவதற்குள், அவள் நேராக ஆபீஸ் படியேறினாள். தேவநேசன் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இன்றைக்கு நீ வருவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டேன் என்றார். போலீஸிலேயே பதிந்தாகிவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம், காலுக்கும் ஓய்வு கொடு என்றார். அவர் குரலில் முன்பிருந்த சலிப்பு இல்லை.

மாரியாயி அந்த வரியைப் பார்த்தாள். எறும்பு வரிசை போலிருந்தது. எறும்பு போவது தெரிகிறது, எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

"படிச்சுக் காட்டுங்க ஐயா."

அவர் வாசித்தார். விருந்தாளி இன்னும் இருக்கிறார்.

"போலீஸ்ல பதிஞ்சு இருக்காருன்னு சேத்து எழுதுங்க. நாளைக்கு வந்து கேப்பேன்."

தேவநேசன் பேனா மூடியைக் கழற்றினார். இந்த முறை அவள் குனிந்து, நுனி நகர நகர, கடைசி எழுத்து வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.