தாத்தாவைப் பட்டினி போட்ட கதை

எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி கொடுப்பது கிடையாது. ஆடி அமாவாசையன்று தெரிந்தவர்கள் எல்லாரும் எள்ளும் வாழை இலையுமாகக் கடற்கரைக்குப் போவார்கள். அப்பா மட்டும் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் பிளாட்டில் கைலியோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "பெத்த அப்பனுக்கு ஒரு வாய் எள்ளுத்தண்ணி விடாத மகன்" என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவர் காதிலும் விழும். கஞ்சத்தனம் என்று நினைத்தார்கள். உண்மையில் தாத்தாவை வேண்டுமென்றேதான் பட்டினி போட்டிருந்தோம்.

தாத்தாவுக்கு எண்ணெய்க் கப்பலில் பம்பு அறை வேலை. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்தபோது அவர் கடலில் இருந்தார். அப்பா தன் அம்மாவின் வயிற்றில் இருந்தார். சண்டை முடிந்த பிறகு, தாத்தாவோடு வேலை செய்த ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து நடந்ததைச் சொன்னார். ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் கப்பல் இரண்டாகப் பிளந்தது. எண்ணெய் தண்ணீர்மேல் பரவித் தீப்பிடித்தது. தாத்தா அந்தத் தீக்குள் நீந்தி, அதிலேயே போய்விட்டார். நீர்மூழ்கி மேலே வந்தது. அதன் தளபதி சிகரெட் பிடித்தபடி நின்று பார்த்தான். விசாரிக்க ஓர் ஆள் வேண்டுமென்று, செய்தி கொண்டுவந்த இவரை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். கொண்டுவந்து இறக்கிய இடம் பினாங்குத் துறைமுகம். ஜெர்மன்காரன் ஜப்பான்காரனுக்குக் கூட்டாளி என்பதால் அந்த நீர்மூழ்கி தங்கியிருந்ததே இங்கேதான்.

தாத்தாவைக் கொன்றவன் தாத்தாவின் ஊரிலேயே வந்து இளைப்பாறியிருக்கிறான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கைக்குழந்தையோடு இருந்த அப்பாவின் அம்மா, கொஞ்சம் அரிசிக்காக அந்த நீர்மூழ்கிக்காரர்களின் உடுப்பைத்தான் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு அவர் அழவில்லையாம். தாலியைத் தானே கழற்றி வைத்துவிட்டு, கருமாதிக்கு நாள் பார்க்க வந்தவர்களை விரட்டியடித்தார். "பிண்டம் வச்சா சாந்தியாயிருவாரு. சாந்தியாகக் கூடாது. அந்தப் பாவி சாகிற வரைக்கும் இவரு பசியோட அலையட்டும், அவன் கழுத்தைப் பிடிக்கட்டும்" என்றாராம்.

அந்தச் சபதத்தை அப்பா காப்பாற்றினார். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். பரீட்சை சமயத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் போனால், நான் பாஸாக ஒரு தேங்காய், அவன் நாசமாய்ப் போக ஒரு தேங்காய். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்ததும், "அவன் என்ன ஆனான்னு தெரியாமலே நான் போயிருவேன் போல லா" என்றார். ஜெர்மனியில் இருக்கும் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டேன். சில மாதங்களில் பதில் வந்தது. தளபதி போர் முடிந்து ஊருக்குத் திரும்பியிருக்கிறான். பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறான். தொண்ணூறு வயதைத் தாண்டி, தன் வீட்டுக் கட்டிலில், தூக்கத்திலேயே போயிருக்கிறான்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இவன் விஷயத்தில் தெய்வம் அசந்து தூங்கிவிட்டது போலும்.

அப்பாவிடம் பொய் சொல்ல முடிவு செய்தேன். அவனும் கடலில் மூச்சுத் திணறி, கத்திக் கத்திச் செத்தான் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆனால் அப்பா ரொட்டியைத் தேநீரில் நனைத்தபடி நிமிர்ந்து பார்த்ததும் ஆத்திரம் முந்திக்கொண்டது.

"மெத்தையில படுத்துத் தூங்கிக்கிட்டே செத்திருக்கான்பா! தொண்ணூறு வயசுக்கு மேல!"

ரொட்டி ஊறிக் கோப்பைக்குள் விழுந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை.

"செத்து எத்தனை வருஷமாச்சு?"

"இருபது இருக்கும்."

"அப்ப இருபது வருஷமா அவன் அங்கதான் இருக்கான்."

"எந்த இடத்துல?"

"எங்கப்பா இருக்கிற இடத்துலதான். உயிரோட இருந்தவனைத் தேடி அவர் அலைஞ்சாரு, ஆப்படல. இப்ப அவனே அங்க போய்ச் சேர்ந்துட்டான். நாம என்னடான்னா மனுஷனைப் பட்டினி போட்டு வச்சிருக்கோம். நிக்கவே தெம்பு இருக்காதும்மா அவருக்கு. ஐயருக்குப் போன் போடு."

இந்த ஆடி அமாவாசைக்குத் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனோம். எண்பது வயதைத் தாண்டிய அப்பா முதல் தடவையாகத் தன் அப்பாவுக்குப் பிண்டம் பிடித்தார். ஐயர் காட்டிய அளவு அவருக்குப் போதவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க ஐயரே" என்று கேட்டு வாங்கிப் பெரிதாக உருட்டினார். ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னார் ஐயர். அப்பா பிண்டம் வைத்த இலையை ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அலை இலையை வாங்கிக்கொண்டதும் குனிந்து சொன்னார்:

"வயிறு நிறையச் சாப்பிடுங்கப்பா. சாப்பிட்டுட்டுப் போய் அவனைப் பிடிங்க."