யோகேஸ் பிடித்த பந்து

என் தங்கை யோகேஸ்வரி ஆஸ்திரேலியாவில் இரண்டு விளையாட்டுகள் ஆடிச் சம்பளம் வாங்கியவள். கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் அந்த ஊர் ஃபுட்டி. மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில், எங்கள் தாமான் குடியிருப்பில், இதை நான் சொல்லாத வீடு கிடையாது. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அதை இப்போது எழுதுகிறேன்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன் குளுவாங்கில் தேசிய அணிக்கான தேர்வு ஆட்டம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைத்தான் எடுப்போம் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போட்டி யோகேஸுக்கும் பக்கத்துத் தெரு லோஷினிக்கும். ஒரே மட்டையை மாற்றி மாற்றி ஆடி வளர்ந்தவர்கள், அன்று எதிரெதிர் அணியில். காலையில் யோகேஸ் மூன்று ஓட்டங்களில் வெளியேறியிருந்தாள். மதியம் லோஷினி நாற்பதைத் தாண்டி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் அடித்த பந்து ஒன்று தாழ்வாக வந்தது. யோகேஸ் பாய்ந்து விழுந்து பிடித்தாள். நடுவருக்குச் சரியாகத் தெரியவில்லை. லோஷினி நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"யோகேஸ், புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

அவ்வளவுதான். லோஷினி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுகளத்தை விட்டு நடந்துவிட்டாள். நடுவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எல்லைக்கோட்டுக்கு வெளியே, அந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி நான் நின்றிருந்தேன். பந்து முதலில் புல்லில் பட்டது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு முதல் ஆளாகக் கை தட்டியவனும் நான்தான். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

யோகேஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரு கேட்ச் போதும் என்றாராம் பயிற்சியாளர். மூன்று வருடத்தில் பெர்த்தில் ஒரு கிளப் கூப்பிட்டது, அப்புறம் தொழில்முறை அணி. லோஷினி பத்து பகாட் நகரில் துணி ஆலை வேலைக்குப் போனாள். யோகேஸை வழியனுப்ப விமான நிலையம் வரை வந்து அழுதவளும் அவள்தான்.

பெர்த்தில் யோகேஸின் கைகளைப் பார்த்து ஃபுட்டி பயிற்சியாளர் ஒருவர் இழுத்துக்கொண்டார். அது முட்டை வடிவப் பந்து. உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் நடுவர் விசில் ஊதுவார். பிடித்தவர் நிதானமாக உதைக்கலாம். யோகேஸுக்குக் கைவந்த வேலை. ஆனால் அங்கே ஒரு பழக்கம் வந்தது. விசில் ஊதிய பிறகும், பந்து தரையில் பட்டிருந்தால் இல்லையென்று தலையாட்டி நடுவரிடமே கொடுத்துவிடுவாள். ஓர் அரையிறுதியில் அப்படிச் செய்து அணியே தோற்றது. அந்த வருடம் கிளப்பில் 'நேர்மையான வீராங்கனை' என்று கேடயம் கொடுத்தார்கள். அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எனக்கு அனுப்பிவிட்டாள். நான் அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் புத்தியைப் பாருங்கள்.

போன வருடம் முழங்கால் போய், ஆட்டத்தை விட்டுத் திரும்பி வந்தாள். செனாய் விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்து வந்தேன். செடெனாக் தாண்டும்போது கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க அங்கதானே நின்னீங்க?"

"அட அலாமாக், பழைய கதை. விடு லா. இப்ப போயி யாரு கேக்கப் போறா?"

"லோஷினி அன்னைக்கே கேட்டாளே. நான்தான் பொய் சொன்னேன்."

நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டினேன்.

லோஷினி இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்த் திடலில் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறாள். தோழி வந்தது தெரிந்ததும் வீட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடவே போனேன். யோகேஸை மட்டையாளருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மலர் என்ற பிள்ளை அடித்த பந்து தாழ்வாக வந்தது. யோகேஸ் வலிக்கிற காலை மடக்கிக் குனிந்து அள்ளினாள்.

"அக்கா, புடிச்சிட்டீங்களா?" என்றாள் மலர். நடக்கத் தயாராக மட்டையைக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"இல்லம்மா. தரையில பட்டிருச்சி."

லோஷினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா புள்ளைங்களா? இதான் நான் சொல்றது. அன்னைக்கு இவ புடிச்சேன்னு சொன்னா, நான் அம்பயர பாக்காம நடந்துட்டேன். ஃபீல்டர் சொன்னா நம்பணும்."

யோகேஸ் பந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கும் பட்டுச்சி, லோஷி."

லோஷினி சிரிப்பு மாறாமல் என் பக்கம் திரும்பினாள். யோகேஸ் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்ல வேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நானும் பாத்தேன்மா" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மலரைக் கூப்பிட்டு, அவிழ்ந்திருந்த அவளுடைய கால்காப்புப் பட்டையை மெதுவாக மாட்டிவிட்டாள். எழுந்தபோது எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"இனிமே யாரு புடிச்சேன்னு சொன்னாலும் நடக்காதீங்க," என்றாள் பிள்ளைகளிடம். "அம்பயர் கை தூக்குற வரைக்கும் அங்கேயே நில்லுங்க."