படலையிலிருந்து குசினி வாசல் வரை

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளிநொச்சியில் வாய்க்காலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒழுங்கையில் எல்லாம் வீட்டுத்திட்ட வீடுகள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பக்கத்தில் முற்றத்தைப் பார்த்தபடி சமைக்கிற குசினி. கதவும் யன்னலும்கூட ஒரே அளவு. என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவளுடையது. புருசன் வெளிநாட்டில் வேலை, பிள்ளை இல்லை. என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒரே மாதிரிக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவளுடையது மட்டும் எப்படி வடிவாக இருக்கலாம்? இதுதான் என் வயிற்றெரிச்சல்.

விசயம் அவள் முற்றம்தான். விடிய எழும்பி மண் முற்றத்தைக் கூட்டுவாள். நானும்தான் கூட்டுகிறேன். ஆனால் நான் முன்னுக்குப் போய்க்கொண்டே கூட்டுகிறவள். கூட்டி முடிந்ததும் குப்பை இருக்காது, என் காலடி இருக்கும். அவள் ஒழுங்கைப் பக்கத்துப் படலையடியில் தொடங்கிப் பின்னுக்கு நடந்து நடந்து கூட்டுவாள். விளக்குமாறு அரைவட்டம் அரைவட்டமாக விழும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மீன் செதில் அடுக்கின மாதிரி முற்றம் முழுக்கப் போய்க் குசினி வாசலில் முடியும். அவளின் காலடி ஒன்றுகூட அதில் இராது.

இதைக்கூட நான் பொறுத்திருப்பேன். என் மகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற வருசம் இது. பின்னேரம் புத்தகங்களை அள்ளிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அவள் முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு கதிரை. பொழுதுபடும்வரை அங்கேதான்.

"இஞ்சை என்னடி குறை?" என்று கேட்டேன்.

"குறை ஒண்டும் இல்லையம்மா. அன்ரி வீட்டு முற்றத்திலை இருந்தாப் படிக்க மனம் வருது."

பெற்று வளர்த்தது நான், மனம் வருவது அங்கேயா?

புருசனை நச்சரித்து எங்கள் முற்றத்துக்குச் சீமெந்து போடுவித்தேன். ஒழுங்கையிலேயே முதல் சீமெந்து முற்றம். கூட்டத் தேவையில்லை, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பளபளக்கும். மகளுக்குப் புதுக் கதிரை ஒன்றும் வாங்கிப் போட்டேன். முதல் நாள் பின்னேரம் என் முகத்துக்காக வந்து உட்கார்ந்தாள். பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சீமெந்து அப்போதுதான் கக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள். பிறகு படலை திறக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் அந்தக் கெட்ட வேலையில் இறங்கினேன்.

எங்கள் வீட்டில் மாடு நிற்கிறது. அதுவரை அவள்தான் வந்து போத்தலில் பால் வாங்கிப் போவாள். "நீ ஏன் பிள்ளை அலையிறாய், நானே கொண்டு வாறன்" என்றேன். அவள் கூட்டி முடித்துக் குசினிக்குள் போகும்வரை என் படலையடியில் காத்து நிற்பேன். போனதும் பால் போத்தலோடு உள்ளே போவேன். நேராகப் போனால் கொஞ்ச இடம்தானே குழம்பும்? அதனால் இடப்பக்கம் வளைந்து, மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நித்தியகல்யாணிப் பாத்தியடிக்குப் போய், அங்கிருந்து குசினி வாசலுக்கு வருவேன். செருப்பை நன்றாகத் தேய்த்துத்தான் நடப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் காலை வேளையில் அவ்வளவு சந்தோசம் எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அவள் ஒரு சொல் சொன்னதில்லை. "வாங்கோ அக்கா" என்பாள். முந்தின நாள் போத்தலைக் கழுவித் திருப்பித் தரும்போது வெறும் போத்தலாகத் தரமாட்டாள்; தண்ணீர் விட்டு ஒரு நித்தியகல்யாணிக் கொப்பு வைத்திருப்பாள். மகள் அவற்றைப் பூவோடு யன்னலில் வரிசையாக வைத்தாள். கடைசியில் பால் ஊற்ற எங்கள் வீட்டில் போத்தலுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் நான் போகவில்லை, பாலை என் புருசன்தான் கொண்டுபோய்ப் படலையில் கொழுவிவிட்டு வந்தார். நாலாம் நாள் விடிய எழும்பிப் போனேன். படலையைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது.

முற்றத்தில் ஒரு பாதை இருந்தது. ஓர் ஆள் நடக்கிற அகலம். அதற்குள் விளக்குமாற்றுக் கோடுகள் நேராக ஓடின. இரண்டு பக்கமும் அரைவட்டங்கள் பாதையைத் தொடாமல் ஒதுங்கி நின்றன. அது நேராகக் குசினிக்குப் போகவில்லை. இடப்பக்கம் வளைந்து, மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நித்தியகல்யாணிப் பாத்தியடிக்குப் போய், அங்கிருந்து குசினி வாசலுக்கு வந்தது.

பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் வாசலில் நின்று சிரித்தாள்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ அக்கா? உங்களுக்குத்தான் பாதை விட்டனான். மூண்டு நாளும் விட்டனான், நீங்கள் வரேல்லை."

"எனக்கோ?"

"ஓம். நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் எல்லாப் பக்கமும் சுத்திப் பாத்திட்டு வாறனீங்கள். என்ர மனுசனுக்குப் போனிலை காட்டினா, மண்ணை ஏன் காட்டுறாய் எண்டு கேக்குது. நிண்டு பாக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் அக்கா. நீங்கள் வராட்டிக் கூட்டி முடிஞ்ச மாதிரியே இல்லை."

பால் போத்தலை நீட்டினேன். பூப் போத்தலை வாங்கிக்கொண்டு அந்தப் பாதையாலேயே திரும்பினேன். மாமரத்தையும் சுற்றினேன். படலையைச் சாத்தும்போதுதான் முதல் தடவையாக அந்த முற்றத்தை நின்று முழுக்கப் பார்த்தேன். பொல்லாத வடிவு. எரிச்சல் ஒரு துளிகூடக் குறையவில்லை.

அன்று பின்னேரமும் மகள் புத்தகங்களை அள்ளினாள். வழக்கமான என் புறுபுறுப்புக்காக வாசலில் கொஞ்சம் நின்றாள்.

"போறதெண்டா போ," என்றேன். "பாதையாலை போ. அவள் கூட்டினதைக் குழப்பிப் போடாதை."